மறதிக்கு வயதை மட்டும் குறை சொல்லாதீர்கள்

சுகர் கண்ணைப் பாதிக்கும், சிறுநீரகத்தைப் பாதிக்கும், காலில் புண் ஆறாது என்பதெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. மூளையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் மறதி பற்றிய கேள்விகள் நிறைய இருந்ததால் அவற்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

என் மாமனாருக்கு 71 வயது. இருபது வருடமாக சுகர். அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர், வாய்க்கணக்கிலேயே எல்லாம் போட்டுவிடுவார். இப்போது கரண்ட் பில் கட்டிவிட்டு மறுநாளும் கட்டப் புறப்படுகிறார். சொன்னதையே சொல்கிறார். கடைசியாகப் பார்த்த ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 9.4. வீட்டில் எல்லோரும் 'வயசானா அப்படித்தான்' என்கிறார்கள். சுகருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா டாக்டர்?
— வாசகி, கும்பகோணம்

உண்டு. அதற்காக உங்கள் மாமனாருக்கு வந்திருப்பது சுகரால்தான் என்று கடிதத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது, சில பரிசோதனைகள் வேண்டும், அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சம்பந்தம் என்ன என்பதைப் பார்ப்போம்.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அது அத்தனையும் ரத்தத்தின் வழியாக நிமிடத்துக்கு நிமிடம் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதைக் கொண்டுவருபவை மூளைக்குள் ஆழமாக ஓடும் மிக மெல்லிய ரத்தக்குழாய்கள். சர்க்கரை வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் இந்தக் குழாய்களின் சுவர் தடித்து விறைத்துப்போகிறது. விழித்திரையில் நடக்கும் அதே சேதம்தான், இடம் மட்டும் வேறு. சில குழாய்கள் அடைத்துக்கொள்ளும்போது சில மில்லிமீட்டர் அளவில் சின்னச் சின்னப் பக்கவாதம் வரும். கை கால் இழுக்காது, வாய் கோணாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் அங்கங்கே தழும்பாகத் தெரியும். இதோடு ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் சேதம் இன்னும் வேகமாகும், நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே இருப்பவர்கள்தான் அதிகம்.

இந்த வகைப் பாதிப்பில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் ஞாபகம் அல்ல. யோசிக்கும் வேகம், ஒரு வேலையை இதற்குப் பிறகு இது என்று வரிசைப்படுத்துவது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தைக் கவனிப்பது, இவைதான் முதலில் தடுமாறும். ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் பேசுவார், 1975-ல் வாங்கிய சம்பளத்தைச் சரியாகச் சொல்வார், ஆனால் பேங்க் செல்லானை நிரப்ப உட்கார்ந்தால் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார்.

மறதி என்று யார் வந்தாலும் நான் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு வட்டம் போட்டு அதைக் கடிகாரமாக்கி, பதினொன்று பத்துக்கு முள்ளை வையுங்கள் என்பேன். மூளையில் திட்டமிடும் பகுதி பாதிக்கப்பட்டவர்கள் பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதிவிடுவார்கள். இல்லாவிட்டால் 'பதினொன்று பத்து' என்றதும் ஒரு முள்ளைப் பதினொன்றிலும் இன்னொன்றைப் பத்து என்ற எண்ணிலும் கொண்டுபோய் வைப்பார்கள். கூட வந்த மகனோ மகளோ அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் இது வெறும் வயது அல்ல என்று அவர்களுக்கே புரியும். வீட்டில் நீங்களும் செய்து பார்க்கலாம், அதை வைத்து நோய் என்று முடிவு கட்ட வேண்டாம், டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.

சரி, பரிசோதனைகள். மறதி என்றதும் நேராக ஸ்கேனுக்கு ஓடுவதற்கு முன், சரிசெய்யக்கூடிய காரணங்களைத் தேட வேண்டும், இதை நான் திரும்பத் திரும்ப வற்புறுத்துவேன். முதலாவது வைட்டமின் பி12. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது நன்றாகத் தெரிந்த விஷயம், அவர் சுத்த சைவம் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைந்தால் மறதி வரும், பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். மரத்துப்போவதை எல்லோரும் சுகர் கணக்கில் எழுதிவிடுவதால் பி12-ஐ யாரும் பார்ப்பதில்லை. அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது நல்ல மருந்து, பி12-ஐ ஊசியாகவோ மாத்திரையாகவோ சேர்த்துக்கொண்டால் போதும். இதோடு தைராய்டு, சோடியம், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா, இரவில் பலமாகக் குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறதா, ரிட்டயர் ஆனபின் மனம் சோர்ந்து கிடக்கிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இவை ஒவ்வொன்றும் தனியாகவே மறதியைக் கொண்டுவரக்கூடியவை, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் இருக்கிறது.

9.4 அதிகம்தான், குறைக்க வேண்டும். ஆனால் 71 வயதில் அதை ஒரே மாதத்தில் 6-க்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். ஏன் என்று மதுரை வாசகிக்கு எழுதியிருக்கும் பதிலில் சொல்லியிருக்கிறேன், அதையும் படியுங்கள்.

எனக்கு 41 வயது, ஐடி வேலை. இரண்டு வருடம் முன்பு சுகர் வந்தது, ஹெச்பிஏ1சி 8.3. மதியம் சாப்பிட்ட பிறகு தலை மந்தமாக இருக்கிறது, மீட்டிங்கில் பேச வந்த வார்த்தை மறந்துபோகிறது. இந்த வயதிலேயே டிமென்ஷியாவா என்று பயமாக இருக்கிறது.
— வாசகர், சென்னை

இந்த வயதில் டிமென்ஷியாவாக, அதாவது மறதி நோயாக, இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அந்தப் பயத்தை விடுங்கள். சர்க்கரை ஏறி நிற்கும் நேரத்தில் மூளை மந்தமாவது உண்மை. சுகர் உள்ளவர்களிடம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரையும் சின்னச் சின்னக் கணக்குகளையும் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், 270 மி.கி.க்கு மேல் போகும்போது பலருக்கும் யோசிக்கும் வேகம் குறைந்தது, தவறுகள் கூடின. எல்லோருக்கும் அப்படி ஆகவில்லை. உங்களுக்கு ஆகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்: தலை மந்தமாக இருக்கும் அந்த நேரத்தில் ஒரு டெஸ்ட் எடுங்கள், நன்றாக இருக்கும் நாளில் அதே நேரத்துக்கு ஒன்று எடுங்கள், இரண்டையும் எழுதி வையுங்கள். ராத்திரி ஒரு மணி வரை போன் பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்கினாலும் இதே மந்தம்தான் வரும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயத்தை விடச் சொன்னேனே தவிர, விஷயத்தை விடச் சொல்லவில்லை. உங்கள் வயதுதான் முக்கியமான வயது. லண்டனில் அரசு ஊழியர்களை எண்பதுகளின் நடுவிலிருந்து முப்பது வருடத்துக்கும் மேலாகப் பின்தொடர்ந்துவரும் வைட்ஹால் ஆய்வு ஒன்று இருக்கிறது. 2021-ல் வந்த அதன் முடிவைப் பாருங்கள்: 60 வயதுக்கு முன்பே சுகர் வந்தவர்களுக்கு, 70 வரை சுகரே வராதவர்களோடு ஒப்பிட்டால், பிற்காலத்தில் டிமென்ஷியா வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு. சுகர் ஐந்து வருடம் முன்னதாக வந்தால் அந்த வாய்ப்பும் கிட்டத்தட்ட கால்பங்கு கூடியது. 39-ல் வந்த சுகர் உங்களோடு முப்பது நாற்பது வருடம் இருக்கப்போகிறது, மூளையின் ரத்தக்குழாய்கள் அத்தனை வருடமும் அதில்தான் ஊறப்போகின்றன. 71-ல் தெரியப்போகும் மறதிக்கான வேலை இப்போதே, நீங்கள் ஒன்றும் உணராமல், நடந்துகொண்டிருக்கலாம்.

அதனால் உங்களைப் போன்றவர்களிடம் நான் கறாராகத்தான் இருப்பேன். 8.3 போதாது, லோ சுகர் வராமல் 7-க்குக் கீழே, முடிந்தால் 6.5-க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ரத்த அழுத்தத்தையும் விடாதீர்கள். மேல் அளவை 120-க்குக் கீழ் வைக்க முயன்ற ஸ்பிரின்ட் என்ற அமெரிக்க ஆய்வில், லேசான மறதி நோய் வருவது சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது என்று 2019-ல் தெரிந்தது. அதில் சுகர் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை என்பதால் உங்கள் அளவை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனாலும் பிரஷர் மூளைக்கு எவ்வளவு முக்கியம் என்பது அதில் தெளிவாகிவிட்டது. அப்புறம் நடை. ஜிம்முக்குப் பணம் கட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் வேகமாக நடந்த முதியவர்களுக்கு ஒரு வருடத்தில், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி 2 சதவீதம் பெரிதானதை 2011-ல் ஸ்கேனில் பார்த்தார்கள். நடக்காமல் உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டில் சோற்றைப் பாதியாக்கி, காயும் சுண்டலும் முட்டையும் கூட்டி, சாப்பிட்ட கையோடு பத்து நிமிடம் நடந்துவிட்டு மீட்டிங்குக்குப் போங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அம்மாவுக்கு 76. ஊரில் தனியாக இருக்கிறார். சுகரை ரொம்பக் கட்டுப்பாடாக வைத்திருக்கிறார், ஹெச்பிஏ1சி 5.9, டாக்டரே பாராட்டினாராம். ஆனால் கொஞ்ச நாளாக விடியற்காலையில் போன் செய்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார், இறந்துபோன அப்பா எங்கே என்று கேட்கிறார். பத்து மணிக்கு நான் கூப்பிட்டால் தெளிவாக இருக்கிறார். மூளையில் ஏதாவது பிரச்சினையா?
— வாசகி, மதுரை

அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகிவிட்டது. பத்திரிகை வரும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

நான் சந்தேகப்படுவது லோ சுகர். விடியற்காலையில் குழப்பம், காலைச் சாப்பாட்டுக்குப் பின் தெளிவு, 76 வயது, மாத்திரையோடு 5.9 என்ற சராசரி, இந்த நான்கும் சேர்ந்தால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும். மூளை குளுக்கோஸை நம்பி இருக்கிற உறுப்பு, 70-க்குக் கீழே இறங்கினால் தடுமாற ஆரம்பிக்கும், 54-க்குக் கீழே போனால் ஆபத்து. இள வயதில் இருப்பவர்களுக்குக் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும், உடம்பே எச்சரித்துவிடும். வயதானவர்களுக்கும் நீண்ட நாள் சுகர் உள்ளவர்களுக்கும் அந்த எச்சரிக்கை மழுங்கிவிடுவதால் நேராகக் குழப்பமும் உளறலும்தான் வரும். தலையணை உறை வியர்வையில் நனைந்திருந்ததா, இரவில் கெட்ட கனவு வந்ததா, எழும்போது தலைவலி இருந்ததா என்று கேளுங்கள்.

எப்படி வருகிறது என்றால், இரவு ஏழு மணிக்கு இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோ சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்றவை, சாப்பாடு உள்ளே போனதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்துகள். வயதாக ஆக சிறுநீரகத்தின் வேலை குறையும், மருந்து உடம்பை விட்டுப் போக நேரமாகும், பத்து வருடம் முன்பு சரியாக இருந்த அதே அளவு இப்போது அதிகமாகிவிடும். அமாவாசை, திதி நாட்களில் இன்னும் மோசம். காலை மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டு, படையல் போட்டுக் காக்கைக்கு வைத்து முடியும் வரை மதியம் ஒன்று, இரண்டு மணி வரைகூட வாயில் ஒன்றும் போடாமல் நிற்கும் அம்மாக்களை எனக்கு நிறையத் தெரியும். விரதம் இருப்பதென்றால் அன்றைக்கு எந்த மாத்திரையைத் தள்ளிப்போடலாம் என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை.

இது அந்த நேரத்துக் குழப்பத்தோடு போய்விடுவதில்லை. அமெரிக்காவில் வட கலிஃபோர்னியாவில் சுகர் உள்ள 16,667 முதியவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அளவுக்கு ஒருமுறை லோ சுகர் வந்தவர்களுக்கு டிமென்ஷியா வாய்ப்பு கால்பங்கு அதிகமாகவும், மூன்று முறையோ அதற்கு மேலோ வந்தவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகவும் இருந்தது. இது இரண்டு பக்கமும் ஓடுகிற விஷயம்தான், மறதி இருப்பவர் மாத்திரையைத் தப்பாகப் போட்டு லோ ஆவதும் உண்டு. எப்படியானாலும் தவிர்க்க வேண்டியது ஒன்றுதான். அளவுக்கு மீறி இறுக்கிப் பிடித்தால் மூளை பிழைத்துக்கொள்ளுமா என்றும் பார்த்துவிட்டார்கள். அக்கார்ட் மைண்ட் என்ற பெரிய ஆய்வில் ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவுக்கும் சாதாரணமாக வைத்தியம் பார்த்த குழுவுக்கும் 40 மாதத்துக்குப் பின் ஞாபகத்திலோ யோசிக்கும் வேகத்திலோ வித்தியாசமே இல்லை. அக்கார்ட் ஆய்வில் இறுக்கிப் பிடித்த பக்கத்தில் மரணங்கள் அதிகமானதால் அந்தப் பகுதியை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அதனால் 76 வயதில், தனியாக இருப்பவருக்கு, லோ ஆக்கும் மாத்திரைகளோடு 5.9 என்பது பாராட்ட வேண்டிய எண் அல்ல. நல்ல ஆரோக்கியமான முதியவருக்கு 7-லிருந்து 7.5, மற்ற நோய்களும் மறதியும் உள்ளவருக்கு 8 வரைகூட போதும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல்.

இப்போது செய்ய வேண்டியது: இன்றைக்கே அம்மாவின் டாக்டரிடம் பேசி மாத்திரையைக் குறைக்கவோ மாற்றவோ கேளுங்கள். கொஞ்ச நாளுக்கு யாராவது அம்மாவோடு இரவு தங்கட்டும், குழப்பம் வரும்போது உடனே குளுக்கோமீட்டரில் பார்க்கட்டும். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொருமுறை கொடுத்து, ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும், 108-ஐக் கூப்பிடுங்கள். இந்த மாத்திரைகளால் வந்த லோ, ஏறிய பிறகும் அன்றைக்கே திரும்ப வரலாம் என்பதால் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. மீட்டரில் சர்க்கரை சரியாக இருந்தும் குழப்பம் இருந்தால் சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, எப்போதாவது கீழே விழுந்து தலையில் அடிபட்டது இவற்றையெல்லாம் தேட வேண்டும், அதையும் தாமதிக்காதீர்கள்.

அல்சைமர் நோய்க்கு 'டைப் 3 சுகர்' என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?
— வாசகர், சேலம்

அல்சைமர் என்பது டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகை. 2005-ல் சில அமெரிக்க ஆய்வாளர்கள் வைத்த பெயர் அது, மருத்துவ உலகம் அதை ஒரு நோயின் பெயராக ஏற்றுக்கொள்ளவில்லை. காரணமில்லாமல் வைக்கவில்லை, அல்சைமர் வந்த மூளையில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை, இன்சுலினை உடைக்கும் நொதிதான் அல்சைமரில் படியும் அமிலாய்டு புரதத்தையும் உடைக்கிறது, இதெல்லாம் உண்மை. ஆனால் இரண்டும் ஒரே நோய் என்றால் சுகர் மருந்து அல்சைமரையும் நிறுத்த வேண்டும். மூக்கில் அடிக்கும் இன்சுலினைப் பரிசோதித்து 2020-ல் வந்த முடிவில் பலன் தெரியவில்லை. சுகருக்கும் எடை குறைக்கவும் தருவதாக இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளுடைடு மருந்தையும் ஆரம்பநிலை அல்சைமரில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள், நோயின் வேகம் குறையவில்லை என்று 2025 நவம்பரில் அறிவித்துவிட்டார்கள். சுகர் இல்லாத எத்தனையோ பேருக்கு அல்சைமர் வருகிறது. சுகர் அதன் வாய்ப்பைக் கூட்டுகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மூளைக்கு சர்க்கரைதானே உணவு? அப்படியென்றால் சர்க்கரையைக் குறைத்தால் மூளைக்குக் கெடுதல் இல்லையா? வெல்லம், கருப்பட்டி போட்டுக்கொள்ளலாமா? வல்லாரை சாப்பிட்டால் ஞாபகம் வருமா?
— வாசகி, திருநெல்வேலி

மூளைக்கு வேண்டிய குளுக்கோஸ் சோறு, இட்லி, பருப்பு, பழம் எதிலிருந்தும் கிடைத்துவிடும், கல்லீரலும் செய்துகொடுக்கும். காபியில் போடும் சர்க்கரையை மூளை கேட்கவே இல்லை. கருப்பட்டியும் வெல்லமும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் போய்ச் சேரும், சுகர் உள்ளவர்கள் 'நாட்டுது' என்ற நம்பிக்கையில் தாராளமாகப் போடும்போதுதான் வினை. வல்லாரையைத் துவையலாக, கீரையாகச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சுகரே இல்லாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 2013-ல் சியாட்டிலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், சுகர் நோய் இல்லாதவர்களிலேயே ரத்த சர்க்கரையின் சராசரி 115 இருந்தவர்களுக்கு 100 இருந்தவர்களைவிட டிமென்ஷியா வாய்ப்பு 18 சதவீதம் அதிகமாக இருந்தது. 'பார்டரில்தான் இருக்கு' என்று சொல்லிக்கொண்டு மூன்று வருடம் கழித்துப் பார்க்கலாம் என்பவர்கள் அதை யோசிக்க வேண்டும்; நம் நாட்டில் அப்படி பார்டரில் இருப்பவர்கள் 13.6 கோடி என்று 2023-ல் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

அப்பாவுக்கு சுகரும் இருக்கிறது, மறதி நோய் என்றும் சொல்லிவிட்டார்கள். மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போட்டுக்கொள்கிறார். கேட்டால் கோபப்படுகிறார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எப்படிச் சமாளிப்பது?
— வாசகர், கோயம்புத்தூர்

முதலில் டாக்டரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். இரட்டை வேளை போட்டாலும் லோ ஆக்காத மருந்துகள் இருக்கின்றன, மூன்று வேளையை ஒரு வேளையாகச் சுருக்கவும் முடியும். இன்சுலின் போடுகிறவர் என்றால் ஊசியை இனி அவர் கையில் கொடுக்கவே வேண்டாம், காலையில் நீங்கள் வீட்டில் இருக்கும்போது போடும்படி மாற்றித் தரச் சொல்லுங்கள்.

'போட்டீங்களா, போட்டீங்களா' என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும், ஞாபகம் தவறுகிறது என்று அவருக்கே உள்ளுக்குள் தெரியும்போது அந்தக் கேள்வி சுடும். கேட்க வேண்டாம். கிழமை வாரியாக அறைகள் உள்ள மாத்திரை டப்பா மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும், அதில் ஒரு நாளைக்கு உள்ளதை மட்டும் வெளியே வைத்துவிட்டு மீதியை அவர் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வையுங்கள். பழைய அட்டைகள், வேறு டாக்டர் எழுதிக்கொடுத்தது, மேஜை டிராயரில் கிடப்பது எல்லாவற்றையும் ஒருநாள் உட்கார்ந்து அகற்றுங்கள். இரட்டை மாத்திரை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. காபி கொடுக்கும்போது கூடவே மாத்திரையையும் கையில் கொடுத்து, அவர் விழுங்கும் வரை பக்கத்தில் நின்று வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். பகலில் பக்கத்து வீட்டில் நம்பிக்கையானவர் ஒருவருக்கு லோ சுகரின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்து, சர்க்கரை டப்பாவும் குளுக்கோமீட்டரும் எங்கே இருக்கின்றன என்று காட்டி வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்றால், அதை அப்பாவிடம் கொடுக்காமல் உங்களிடம் கொடுக்கும்படி அந்தப் பணியாளரிடம் சொல்லுங்கள்.